உப்புக்காற்று அடிக்கும் ஊரில் பழந்துணிப் போர்வை: எந்தத் துணியை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: கீழக்கரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மரப்பெட்டியில் உம்மாவின் மெல்லிய வாயில் (voile) துணிச் சேலைகள், வாப்பா உடுத்திய கைத்தறிக் கைலிகள், பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன சட்டைகள் என்று பல வருடத் துணிகள் சேர்ந்து கிடக்கின்றன. தெருமுனைத் தையற்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத்துணிகளும் இரண்டு மூட்டை இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை இனி யாரும் உடுத்த முடியாதவை. கொடுத்தால் வாங்கிக்கொள்பவரும் இல்லை. குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. தெருவில் சிலர் பழந்துணியைக் கொல்லையில் போட்டு எரிக்கும்போது எழும் கரும்புகையைப் பார்த்த பிறகு, எரிப்பதற்கும் துணிவு வரவில்லை.

ஆகவே இவற்றை ஒட்டிச் சேர்த்துப் போர்வையாகவும் விரிப்பாகவும் தைக்கலாம் என்று எண்ணுகிறேன். எனக்குக் கைத்தையல் நன்றாக வரும். வீட்டில் மிதித்தையல் இயந்திரமும் உண்டு. ஆனால் தொடங்குவதற்கு முன் சில ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பருத்தியையும் பாலியஸ்டரையும் ஒரே போர்வையில் கலக்கலாமா? நடுவில் பஞ்சு வைக்க வேண்டுமா? ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் ஊரில் எதை மடித்து வைத்தாலும் ஈரவாடை வந்துவிடுகிறது. போர்வையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வெளியூரில் இருக்கும் என் உறவினர் ஒருவர் இதே வேலைக்காகக் கடையில் புதுத்துணித் துண்டுகளைப் பொதியாக வாங்கி, அழகான போர்வை தைத்து, அதைச் சுற்றுச்சூழலுக்கு உகந்த கைவேலை என்று சொல்கிறார். அவர் தையல் மிக நேர்த்தியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிதாக வாங்கி வெட்டுவது மறுபயன்பாடு ஆகுமா என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1: தையல் ஆசிரியை, இராமநாதபுரம்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லா முடிவுகளும் அதைப் பொறுத்தவை. ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவித்துத் துணியாக்கிச் சாயமிட்டு முடிப்பதற்குள் ஏறக்குறைய 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்பது பரவலாக எடுத்துச் சொல்லப்படும் மதிப்பீடு. குடிநீருக்கே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எதிர்பார்த்திருக்கும் நம் மாவட்டத்தில் இந்த எண்ணின் கனம் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழந்துணியை மீண்டும் பயன்படுத்துவதால் கிடைக்கும் பெரிய நன்மை, அது புதுத்துணி ஒன்றின் தேவையை இல்லாமல் செய்வதுதான். புதுத்துணியையே வாங்கித் துண்டாக்கினால் அந்த நன்மை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதை அழகிய கைவேலை என்று தாராளமாகப் பாராட்டலாம். மறுபயன்பாடு என்று சொல்ல முடியாது. உங்கள் போர்வைக்கு நூலைத் தவிர வேறெதையும் விலை கொடுத்து வாங்காமல் இருக்க முயலுங்கள்.

இனித் துணியைப் பிரிப்பது. தையற்கடைத் துண்டுகளில் எது பருத்தி, எது பாலியஸ்டர் என்று கையால் தொட்டுப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். ஒவ்வொன்றிலிருந்தும் சில இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெருப்பில் காட்டுங்கள். பருத்தி நின்று எரிந்து, காகிதம் கருகும் வாசத்தோடு மென்மையான சாம்பலாக உதிரும்; பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான கரிய மணியாக நிற்கும்; பட்டாக இருந்தால் மயிர் கருகும் வாசம் வரும். சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் அது கலப்புத் துணி.

உடம்பில் படும் போர்வைக்குப் பருத்தியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போர்த்திக்கொண்டு உறங்க முடியாது. இரண்டையும் அருகருகே தைத்தால், வலுவான பாலியஸ்டர் துண்டு நலிந்த பருத்தித் துண்டைத் தையல் ஓரத்திலேயே இழுத்துக் கிழித்துவிடும். இதே காரணத்தால் நூலும் பருத்தி நூலாகவே இருக்கட்டும். பாலியஸ்டர் நூல் அறுவதற்கு முன் பழைய துணி அறுந்துவிடும், பிறகு அந்த இடத்தைச் சீர் செய்வது கடினம். பருத்தி நூல் அறுந்தாலோ மறுபடி ஓட்டிவிடலாம்.

பஞ்சு வேண்டவே வேண்டாம். இங்கே மார்கழியில்கூடப் பஞ்சுப் போர்வை கேட்கும் குளிர் இல்லை. அதோடு, கனத்த போர்வையை நனைத்தால் அதைத் தூக்கிப் பிழிய இரண்டு பேர் வேண்டும், அலசக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும், மழைக்காலத்தில் அது உள்ளே காயாமலே பூஞ்சை பிடிக்கும். மூன்றே அடுக்குகள் போதும்: அடியில் சேலை, நடுவில் நைந்த வேட்டி அல்லது கைலி, மேலே ஒட்டுத் துண்டுகள். வங்காளத்துக் காந்தாவும் இப்படித்தான், பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பஞ்சு இல்லாமல், ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் எளிய ஓட்டுத்தையலால் மட்டும் பிணைக்கப்படுகிறது. அதுவும் ஈரமும் வெப்பமும் மிகுந்த நிலம் என்பதால் அந்த முறை நமக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஐந்தரை மீட்டர் சேலையின் நீளத்தைச் சரிபாதியாக வெட்டி, இரு பாதிகளையும் பக்கவாட்டில் இணைத்தால் ஏறக்குறைய 2.75 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும் கொண்ட அடித்துணி கிடைக்கும். இருவர் படுக்கும் கட்டிலுக்கு அது தாராளம். ஆனால் சேலை எல்லா இடத்திலும் ஒரே அளவில் நைந்திருக்காது. கொசுவம் செருகும் இடமும், குதிகாலில் உரசும் கீழ்க்கரையும் முதலில் போகும். இடுப்பில் முதல் சுற்றாக உள்ளே போகும் முனை பெரும்பாலும் புதிதுபோல இருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இழை விலகிய இடங்களை நடு அடுக்குக்கு ஒதுக்குங்கள். கைலியில் உட்காரும் பகுதியும், சட்டையில் கழுத்துப்பட்டியும் முழங்கையும் வலுவிழந்திருக்கும். சட்டையின் முதுகுத் துண்டு மிக நல்ல துணி.

தைக்கும் முறைக்கு, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வை முறையை உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களான அவர்கள், துண்டுகளைச் சதுரமாக வெட்டி முதலில் தனியே இணைப்பதில்லை. அடித்துணியைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரம் மடித்த துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும்படி வைத்து, கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே சுற்றிவந்து நடுவில் முடிக்கிறார்கள். அடுக்குகளைப் பிணைப்பதும் துண்டுகளை ஒட்டுவதும் ஒரே தையலில் நடந்துவிடுகின்றன. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் பூலா என்னும் பூவை வைப்பார்கள். அது இல்லாத கவந்தி முழுமையற்றது என்பது அவர்கள் எண்ணம். கோணல்மாணலான தையற்கடைத் துண்டுகளை நேராக வெட்டி வீணாக்க வேண்டியதில்லை என்பதால், கையிருப்பை முழுதாகப் பயன்படுத்த இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரிந்து இல்லை. மிகப் பழைய துணிக்கு மடிப்பு அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது. தையல் வரிசைகளுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அதற்கு மேல் போனால் துவைக்கும்போது நடு அடுக்கு சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கும்.

கடற்கரை வீட்டுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. பெட்டியில் வைக்கும் துணியில் கொக்கி, ஊக்கு, இரும்புப் பொத்தான் எதையும் விட்டுவைக்காதீர்கள். உப்புக்காற்றில் அவை துருப்பிடித்தால் கறை இறங்குவதோடு, அந்த இடத்தில் இழையும் இற்றுப்போகும். தைக்கும்போது குத்தும் குண்டூசிகளையும் இரவோடு இரவாக எடுத்துவிடுவது நல்லது. ஊசிகளைத் தையல் இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியில் செருகி, மூடியுள்ள சிறு டப்பாவில் வையுங்கள்.

முடித்த போர்வையை நெகிழிப் பையில் கட்டிவைக்க வேண்டாம். உள்ளே அடைபட்ட ஈரமே பூஞ்சைக்கு வழி. பழைய வேட்டியில் ஓர் உறை தைத்து, காய்ந்த வேப்பிலையோடு அதில் வைத்து, மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் எல்லாம் எடுத்து உலர்த்துங்கள். கஞ்சி போட்ட துணியைப் பூச்சி தேடி வரும் என்பதால், போர்வைக்குக் கஞ்சி கூடாது.

மறுமொழி 2: எமனேஸ்வரம் நெசவு வீடு

அம்மா, வணக்கம். பரமக்குடிப் பக்கம் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நெய்த எந்தத் துணிக்கும் நீளவாக்கில் ஓடும் பாவு, அகலவாக்கில் ஓடும் ஊடை என இரண்டு போக்கு உண்டு. இரண்டு போக்கிலும் துணி நேராக நிற்கும். மூலைவாட்டில் இழுத்தால் நெகிழும். ஆகவே துண்டுகளை வைக்கும்போது பாவு எல்லாம் போர்வையின் நீளவாக்கில் வரும்படி வையுங்கள். கவந்தி முறையில் துண்டின் வடிவம் எப்படி இருந்தாலும் தவறில்லை, ஆனால் இழையின் போக்கு தாறுமாறாக இருந்தால் சில துவைப்புகளிலேயே போர்வை கோணிவிடும். கரை இருக்கும் துண்டில் பாவு கரைக்கு இணையாக ஓடும். கரை இல்லாத துண்டை மெல்ல இழுத்துப் பாருங்கள், நெகிழ்ச்சி குறைவாக இருக்கும் பக்கம் பெரும்பாலும் பாவுதான்.

புதுக் கைத்தறித் துணியைச் சிறிது வெட்டிவிட்டுக் கிழித்தாலே நேராகப் பிரியும். பழந்துணியை அப்படிக் கிழித்தால் நைந்த இடம் நோக்கி ஓடிவிடும். அதற்கு, வெட்ட வேண்டிய இடத்தில் ஓர் இழையை ஊசி முனையால் தூக்கி உருவி எடுத்துவிடுங்கள். துணியில் ஒரு மெல்லிய தடம் தெரியும். அதிலேயே கத்தரியை ஓட்டினால் இம்மியும் பிசகாது.

கரைகளைத் தயவுசெய்து வெட்டி எறியாதீர்கள். நெசவில் கரை தனி வலுவோடு வருவது. உடல் பகுதி நைந்த பிறகும் அது நிற்கும். போர்வையின் நான்கு ஓரங்களையும் சேலைக் கரையால் பொதிந்து தைத்தால், வாங்கிய பட்டி எதுவும் அந்த உழைப்பைத் தராது. பழைய காந்தாக்களில் தையல் நூலையே சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். சாயம் கெட்டியாக உள்ள கரையாக இருந்தால் நீங்களும் அவ்வாறு செய்து பார்க்கலாம். சரிகைக் கரையை மட்டும் விலக்குங்கள். உங்கள் ஊர்க் காற்றில் அது கறுத்துப்போகும், தோலிலும் உறுத்தும். அசல் வெள்ளிச் சரிகைச் சேலை ஏதேனும் பெட்டியில் இருந்தால் அதைக் கத்தரிக்கே கொடுக்காமல், வலுவாக இருக்கும்வரை சேலையாகவே காப்பாற்றுங்கள். தறியில் அதற்காக நாள்கணக்கில் உட்கார்ந்தவர்களின் சார்பில் இதைக் கேட்கிறேன்.

தையற்கடைத் துண்டுகள் புதுத்துணி என்பதால் அவை இனிமேல்தான் சுருங்கும். பழந்துணி சுருங்கி முடிந்தது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் துவைப்பிலேயே போர்வை முழுவதும் சுருக்கம் விழும். புதுத்துண்டுகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவைத்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3: பாம்பன் கரையோரம்

சகோதரிக்கு வணக்கம். போர்வை தைக்கும் கலை எனக்குத் தெரியாது. போர்வைக்கு ஆகாதென்று நீங்கள் ஒதுக்கப்போகும் துணிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பருத்தித் துணி என்றாவது மக்கிப்போகும். பாலியஸ்டர் மக்காது, எங்கே எறிந்தாலும் அது இருந்துகொண்டே இருக்கும், அதில் ஒரு பகுதி கடைசியில் கடலுக்கும் வந்து சேரும். இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கடலில் நீராடுகிறவர்களில் பலர் உடுத்தியிருந்த துணியை அப்படியே கடலில் விட்டுவிட்டுப் போகிறார்கள். அது பக்தியால் செய்வதுதான் என்றாலும், அந்தத் துணிகள் அலையில் சுருண்டு மணலில் புதைந்தும் வலைகளில் சிக்கியும் கிடப்பதை இந்தக் கரையில் வாழும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்திட்டுகளும் கடற்புல் படுகைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. கடற்பசு மேய்வது அந்தப் புல்லைத்தான். அங்கே போய் விரியும் ஒவ்வொரு துணியும் அடியிலிருக்கும் உயிருக்கு வெளிச்சத்தை மறைக்கிறது.

பாலியஸ்டரைத் துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிழைகள் உதிர்ந்து சாக்கடை நீரோடு போகின்றன. ஆகவே அந்தத் துணியை அடிக்கடி துவைக்கத் தேவையில்லாத பொருளாக மாற்றுவதே சரி என்பது என் எண்ணம். கடைக்குக் கொண்டுபோகும் பை அதற்கு முதலிடம். 2021 டிசம்பரில் தமிழக அரசு நெகிழிப் பைக்கு மாற்றாக ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் துணிப்பை இயக்கத்தைத் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்துக் கடைகளில் துணிப்பையோடு வருபவர்களைக் கூடுதலாகப் பார்க்க முடிகிறது. அந்தப் பையையும் புதிதாக வாங்காமல், பழைய பாலியஸ்டர் சேலையை இரட்டையாக மடித்துத் தைத்தால் அரிசி மூட்டையையே தாங்கும். மீதமுள்ள சிறு துண்டுகளை நறுக்கித் திண்டுக்குள் திணிக்கலாம். தைத்து மூடிய உறைக்குள் இருக்கும்வரை இழை வெளியே வராது.

நைந்த பருத்தித் துண்டுகளுக்கும் எங்கள் ஊரில் வேலை உண்டு. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள், பாறையும் சிப்பியும் வெட்டாமல் இருக்கத் துணிக்கீற்றுகளை விரல்களில் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குகிறார்கள். போர்வைக்கு உதவாத ஒரு விரல் அகலக் கீற்றுகளை நீளமாக வெட்டிச் சுருட்டிவைத்து, உங்கள் பக்கத்தில் பாசி எடுக்கப் போகிறவர்கள் இருந்தால் கேட்டுக் கொடுங்கள். மென்மையான பழைய பருத்திதான் விரலில் வழுக்காமல் நிற்கும். கிழிந்த நைலான் வலையையும் இங்கே யாரும் சும்மா எறிவதில்லை. கோழி புகாமல் கீரைப் பாத்திக்கு வேலியாகவும், பாகற்கொடிக்குப் பந்தலாகவும், கருவாடு காயவைக்கும் விரிப்பாகவும் அது இன்னும் பல வருடம் உழைக்கிறது. ஆனால் அந்த வேலையும் முடிந்து நூல்நூலாகப் பிரியத் தொடங்கும்போது, அதைக் கட்டிச் சேர்த்துக் குப்பை சேகரிப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். கரையில் விட்டால் ஆமையின் கழுத்தில் போய் விழும்.

கேள்வி கேட்டவர்: கீழக்கரை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெருப்புச் சோதனையை இன்று காலை செய்து பார்த்தேன். நான் பருத்தி என்று நம்பியிருந்த சட்டைத் துண்டுகள் பலவும் கலப்பாக இருக்கின்றன. அவற்றைப் பைகளுக்கு ஒதுக்கிவிட்டேன். கைலிகளும் வாயில் சேலைகளும் தூய பருத்தியே.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. என் தங்கைக்கு வரும் மாதம் பிரசவம். குழந்தைக்கும் ஒரு சிறு விரிப்புத் தைத்துக் கொடுக்க ஆசைப்படுகிறேன். அதில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன? உம்மாவின் சேலைகளில் ஒன்றின் சிவப்புக் கரை முன்பு துவைக்கும்போதெல்லாம் சாயம் விட்டது. அதை வெள்ளை வேட்டியோடு சேர்க்கலாமா?

மறுமொழி 4: தையல் ஆசிரியை, இராமநாதபுரம்

தங்கைக்கு நலமாகப் பிரசவம் ஆகட்டும். குழந்தைக்கு, மிகவும் துவைத்து இளகிய வாயில் சேலையைவிட நல்ல துணி கிடைக்காது. இரண்டே அடுக்கு வைத்துத் தையுங்கள், நாள்தோறும் அலசிக் காயவைக்க வேண்டியது அல்லவா? பொத்தான், மணி, நாடா, தொங்கும் குஞ்சம் எதுவும் வேண்டாம். மேலே ஒட்டும் துண்டுகளும் வேண்டாம். முழுத்துணியில் ஓட்டுத்தையல் மட்டும் போட்டு, முடிச்சுகளை அடுக்குகளுக்கு நடுவே இழுத்து மறைத்துவிடுங்கள். நூல் நுனி வெளியே நீண்டிருந்தால் பிஞ்சு விரலில் சுற்றிக்கொள்ளும். இந்த விரிப்பைக் குழந்தைக்கு அடியில் இழுத்து விரித்துப் படுக்கவைப்பதற்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். முதல் வருடத்தில் உறங்கும் குழந்தையின்மேல் தளர்வான போர்வை எதையும் போடக் கூடாது. முகத்தை மூடினால் மூச்சுத் திணறும்.

சிவப்புக் கரையை ஒரு மூலையில் நனைத்து, வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், அந்தக் கரையை எத்தனை முறை உப்பு நீரில் ஊறவைத்தாலும் நம்ப வேண்டாம். உப்பு, சாயம் ஏற்றும்போது உதவுமே தவிர, விட்டுக்கொண்டிருக்கும் சாயத்தை நிறுத்தாது. அப்படிப்பட்ட கரையை வெள்ளை வேட்டியோடு சேர்க்காமல், கருநீலக் கைலித் துண்டுகளோடு சேர்த்துக் கால்மிதியாகத் தைத்துவிடுங்கள். போர்வையின் ஓரத்துக்கு வேறு கரை போதாவிட்டால், அடித்துணியை நான்கு பக்கமும் மூன்று விரல் அகலம் கூடுதலாக விட்டு, அதையே மேலே மடித்துத் தைத்துக்கொள்ளலாம்.